இலங்கை ரயில்வேயின் எம்2 இன் சத்தம் போடும் அமெரிக்க மாதிரி எஞ்சினை நம்முடையது என்று சொல்லலாமா?

கல்லடி வாவிக்கரை எழுதியது:
ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா அனுப்பிய சிறு அளவு மாதிரி ரயில் எஞ்சின் போன வாரம் வீடு வந்து சேர்ந்தது. எஸ்.டபிள்யூ.1200 என்ற அமெரிக்க ஷன்டிங் (பெட்டிகளை இடம் மாற்றும்) டீசல், 1:87 அளவு, உள்ளே ஓட்டத்தையும் சத்தத்தையும் இயக்கும் லொக்சவுண்ட் டிகோடர் என்ற சிறு மின்னணுப் பலகையும் ஸ்பீக்கரும் இருக்கின்றன. கைப்பிடிக் கம்பிகள் தையல் ஊசியை விட மெல்லியவை. எஞ்சினைத் தொடக்கும் பொத்தானை அழுத்தினேன். ஸ்டார்ட்டர் முனகி, எஞ்சின் ஒரு தடவை இருமி, பிறகு சீராக உறுமத் தொடங்கியது. அடுப்படியில் நின்ற அம்மா வெளியே வந்து, "உதய தேவி ரயில் ஸ்டேஷனில் நிற்பது போல் இருக்கிறதே" என்றார்.

அம்மாவின் காது சரியாகத்தான் சொன்னது. கொழும்புத் திட்டத்தில் கனடா நமக்குத் தந்து, 1954 முதல் ஓடத் தொடங்கிய எம்2 வகையில், ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று மாகாணப் பெயர் தாங்கிய அந்த எஞ்சின்களில், இருப்பது 567சி என்ற 12 சிலிண்டர் டீசல் இயந்திரம். எஸ்.டபிள்யூ.1200 இன் வயிற்றிலும் அதே 567சி. ஆகவே நான் இதை எம்2 இன் உடன்பிறப்பு என்கிறேன். காணொளியை இணைத்திருக்கிறேன். உங்கள் கருத்து என்ன?

ஏறாவூர்க் கைவினை எழுதியது:
வாழ்த்துகள் நண்பரே. ஆனால் உடன்பிறப்பு என்பதை நான் ஏற்க மாட்டேன். எம்2 வில் முதலில் வந்தவற்றுக்கு ஒவ்வொரு போகியிலும், அதாவது அடியிலுள்ள சக்கரச் சட்டத்திலும், மூன்று அச்சுகள். நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது, பாரம் தாங்க மட்டுமே அது. உங்களுடையதில் இரண்டிரண்டு அச்சுகள். நம் தண்டவாளத்தின் அகலம் 1676 மில்லிமீட்டர். அதை 87 ஆல் வகுத்தால் 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும். நீங்கள் ஓட்டுவது 16.5 இல். பிறந்ததிலிருந்து தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு அந்த இடைவெளி கண்ணைக் குத்துகிறது.

நான் பிவிசி குழாயைப் பிளந்து, சூடாக்கி, கண்ணாடிக்கு அடியில் அமுக்கித் தகடாக்கி எம்2 கட்டிக்கொண்டிருக்கிறேன். அதற்குச் சத்தம் கிடையாது. ஆனால் பார்த்தவுடன் எட்டு வயதுப் பிள்ளையும் பெயர் சொல்லும். சத்தத்துக்காக 300 டொலருக்கு மேல் கொடுத்து வேறு நாட்டு உருவத்தை வாங்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. உருவம் கிட்டவாக வேண்டுமென்றால் பிரேசிலில் ஃப்ராடேஷி நிறுவனம் செய்யும் ஜி12 மாதிரியைத் தேடியிருக்கலாம். எம்2 வும் ஜி12 என்ற எஞ்சின் வகைதானே.

கல்முனைப் பயணி எழுதியது:
எங்கள் ஊருக்குத் தண்டவாளமே வரவில்லை. பாதை மட்டக்களப்போடு முடிகிறது. சின்ன வயதில் அப்பாவோடு பஸ்ஸில் வந்து இறங்கி, ஸ்டேஷனை நோக்கி நடக்கையில் எஞ்சின் கண்ணில் படுவதற்கு முன்பே காதுக்கு வந்துவிடும். அது வந்ததும் நான் அப்பாவின் கையை விட்டுவிட்டு ஓடுவேன். 2004 சுனாமியில் பெரலியவில் அலைக்குள் அகப்பட்ட ரயிலை இழுத்துச் சென்றது 591ஆம் இலக்க மனிற்றோபா. அதுவும் எம்2 வகைதான். அதைத் திருத்தி மறுபடி ஓடவிட்டார்கள் என்று அறிந்தபோது நான் அழுதேன். எனக்கு எம்2 என்றால் முதலில் சத்தம்தான். கல்லடி நண்பர் பக்கம் நிற்கிறேன்.

வாழைச்சேனை மூத்தவர் எழுதியது:
துணைச் சாரதியாக எம்2 வில் பல வருடங்கள் நின்றவன் நான். நீங்கள் இருவரும் அச்சையும் அகலத்தையும் பற்றிப் பேசுகிறீர்கள். என் குறை வேறு.

தம்பி, உங்கள் காணொளியில் வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடுகிறது. நிஜத்தில் சத்தம் பாரத்தோடு போகும். எஞ்சினின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான திராட்டிலில் எட்டு நிலைகள். நிறைந்த பெட்டிகளோடு ஏறாவூரை விட்டுப் புறப்படும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றுவோம். எஞ்சின் தொண்டை கிழியக் கத்தும். சக்கரமோ மாட்டுவண்டி போல் உருளும். வேகம் பிடித்ததும் கைப்பிடியை இறக்கிவிடுவோம். அப்போது ரயில் பறக்கும், எஞ்சின் மட்டும் நிற்கும் நேரத்தில் போலவே அடங்கி முனகும். உங்கள் மாதிரி இதற்கு நேர்மாறு. ஒலிப்பதிவு சுத்தமானது, அதில் குறையில்லை. அதை ஓட்டும் முறையில்தான் பிழை.

இன்னொன்று. அந்த மணியோசையை நிறுத்திவிடுங்கள். என் காலத்து எம்2 எதிலும் மணி கேட்டதில்லை.

கல்லடி வாவிக்கரை எழுதியது:
ஐயா, நீங்கள் சொன்னதை வாசித்துவிட்டு இரவு ஒரு மணி வரை உட்கார்ந்திருந்தேன். டிகோடரில் சி.வி. என்று அமைப்பு எண்கள் உண்டு: சி.வி. 3 வேகம் கூடும் நேரத்துக்கு, சி.வி. 4 குறையும் நேரத்துக்கு. இரண்டையும் உயர்த்தினேன். டிரைவ் ஹோல்ட் என்று ஒரு வசதியும் இருக்கிறது: அதை அழுத்தினால் எஞ்சினின் வேகம் அப்படியே நிற்கும், திராட்டில் சத்தத்தை மட்டும் ஏற்றி இறக்கும். இப்போது புறப்படும்போது கத்துகிறது, ஓடும்போது முனகுகிறது. மணியையும் நிறுத்திவிட்டேன்.

கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருப்பதால் தண்டவாளத்தில் விரைவில் படலம் படிகிறது. ஒரு கணம் மின்சாரம் விட்டுப்போனாலும் எஞ்சின் நின்று, ஸ்டார்ட்டரிலிருந்து மறுபடி தொடங்குகிறது. ஒவ்வொரு மாலையும் துணியால் துடைக்கிறேன். மின்சாரத்தைச் சிறிது தேக்கி வைக்கும் ஒரு கப்பாசிட்டர் சேர்க்கவும் இருக்கிறேன்.

ஏறாவூர் நண்பருக்கு: ஃப்ராடேஷி ஜி12 க்கும் இரண்டிரண்டு அச்சுகள்தான். நீங்கள் கேட்கும் எம்2 அதிலும் இல்லை.

வாழைச்சேனை மூத்தவர் எழுதியது:
புதிய காணொளியைக் கேட்டேன். மூன்றாம் நிலையிலிருந்து நான்குக்குப் போகும் இடத்தில் என் கை தானாக அசைந்தது. இதை நான் ஏற்கிறேன்.

ஏறாவூர்க் கைவினை எழுதியது:
ஐயாவே ஏற்றாலும் அதன் உருவத்தை எம்2 என்று நான் சொல்ல மாட்டேன். ஜி12 பற்றி நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் நான் போகியையும் கையால் வெட்டுகிறேன். ஆனால் ஐயா எழுதியதைப் படித்த பிறகு ஊமை எஞ்சினைக் கட்டி முடிக்க மனம் வரவில்லை. உங்கள் ஸ்பீக்கரை அளந்து சொல்வீர்களா? பொனெட்டை இன்னும் ஒட்டவில்லை.

கல்லடி வாவிக்கரை எழுதியது:
நீளம் 15, அகலம் 11 மில்லிமீட்டர். பின்னால் காற்றுக் கசியாத சிறு பெட்டி கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் அடித்தொனி வராது. ரேடியேட்டர் பக்கம் இடம் விடுங்கள்.