பின்னுக்கு டியூப்லெஸ் டயர் போட யோசிக்கிறன்: 2.25 இஞ்சி போதுமா, 2.4 போடலாமா?

கல்லடிப்பாலம்:

வணக்கம். என்ட சைக்கிள் 29 இஞ்சி ஹார்ட்டெயில் (முன்னுக்கு மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது). பின் டயர் நடுவில பட்டன் (ரப்பர் மொட்டு) தேய்ஞ்சு வழுவழுப்பா வந்திட்டு, மாத்தியே ஆகணும். மாத்துற கையோட பின் சில்லை டியூப்லெஸ் (டியூப் இல்லாம டயருக்குள்ளயே காத்து நிக்கிறது) ஆக்குவம் எண்டு யோசிக்கிறன். முன் டயர் நல்லா இருக்கு, அது டியூபோடயே கிடக்கட்டும்.

ஓடுற இடம் மட்டக்களப்பில வலையிறவுப் பாலம் தாண்டி வவுணதீவு, ஆயித்தியமலை, உன்னிச்சைக் குளத்துக்கட்டு. பாதி தார், மிச்சம் கிரவல். இடைக்கிடை வயல் வரம்பு, வாய்க்கால் ஓரம். எப்பவாவது பொத்துவில் போய், பாணமை தாண்டி ஒகந்தைப் பக்கம். அங்க மணலும் இருக்கு.

பிரச்சினை ரெண்டு. ஒண்டு முள்ளு. நெருஞ்சி படர்ந்த வரம்பில, வேலிக்கு வெட்டின கிளை கிடக்கிற ஒழுங்கையில டியூப் தாங்குதில்ல. மற்றது, காத்தைக் குறைச்சு ஓடினா கிரவல் கல்லில ரிம் அடிச்சு டியூபில பக்கம் பக்கமா ரெண்டு வெட்டு விழுது. காத்தைக் கூட்டினா இடுப்பு முறியுது, ஏத்தத்தில பின் சில்லு சுத்துதே தவிர சைக்கிள் ஏறுதில்ல.

நான் 78 கிலோ. ரிம்மில 622x25 எண்டு இருக்கு (25 எண்டது உள் அகலம், மிமீ). இப்ப கிடக்கிறது 2.25 கம்பி விளிம்பு டயர். பார்த்து வைச்சிருக்கிறது மேக்சிஸ் ஐகான் 2.20, மேக்சிஸ் ஆர்டென்ட் ரேஸ் 2.35, விட்டோரியா மெஸ்கால் 2.25. இல்லாட்டி ஒரேயடியா ரெக்கான் 2.4 போடலாமா? இந்தப் பக்கம் ஓடுற ஆக்கள் சொல்லுங்க.

வாவிக்கரை:

தம்பி, டயர்ட பேரை மறுகா பார்ப்பம். முதல்ல சைக்கிளைக் கவிட்டுப் போட்டு, பின் டயர் செயின்ஸ்டேக்குள்ள (பின் சில்லுக்கு ரெண்டு பக்கமும் போற பிரேம் குழாய்) நிக்கிற இடத்தில உள்பக்க அகலத்தை அளந்து சொல்லுங்க. டயர்ட ஆக அகலமான இடத்துக்கு நேரா அளக்கணும். ரிம்மில டியூப்லெஸ் ரெடி எண்டு இருக்கா, உள்ளுக்கு என்ன டேப் ஒட்டியிருக்கு, அதுவும் வேணும்.

பழைய கம்பி விளிம்பு டயருக்குள்ள சீலன்ட் (ஓட்டையை அடைக்கிற திரவம்) ஊத்திப் பார்ப்பம் எண்டு மட்டும் நினைக்க வேணாம். அந்த விளிம்பு டியூப் இல்லாம ரிம்மைப் பிடிச்சு நிக்கச் செய்ததில்ல. வளைவில கழண்டா ஆள்தான் விழும்.

கல்லடிப்பாலம்:

நன்றி அண்ணன். அளந்தன், 68 மிமீ. ரிம் டியூப்லெஸ் ரெடிதான், ஸ்டிக்கர் இருக்கு. உள்ளுக்கு துணி மாதிரி ஒரு டேப்.

வாவிக்கரை:

அப்ப பாதிக் கேள்விக்கு சைக்கிளே பதில் சொல்லிட்டு. 2.4 எண்டா ஏறத்தாழ 61 மிமீ, ரெண்டு பக்கமும் மூண்டரை மிமீதான் மிஞ்சும். 2.35க்கு நாலு. பட்டனுக்குள்ள ஒரு கிரவல் கல்லு பிடிச்சுக்கொண்டு சுத்தினா செயின்ஸ்டேயைச் சுரண்டி எடுத்திடும், மாரியில வயல் சேறு அடைச்சா சில்லு சுத்தவே சுத்தாது. 2.25 எண்டா 57 மிமீ, பக்கத்துக்கு அஞ்சரை கிடைக்கும். ரிம் 25 மிமீ எண்டதால அந்த அகலம் நல்லா விரிஞ்சும் உக்காரும். ஆர்டென்ட் ரேஸ் 2.35ஐயும் ரெக்கான் 2.4ஐயும் பின்னுக்கு மறந்திடுங்க.

இனி மிச்சம் ஐகானும் மெஸ்காலும். எல்லாரும் பட்டனைப் பார்த்துத்தான் டயர் தெரிவு செய்றாங்க. நான் சைட்வோலை, அதாவது டயர்ட பக்கச் சுவரைப் பார்க்கச் சொல்லுவன். முள்ளுக்குத் துளை விழுந்தா சீலன்ட் அடைக்கும், அதைப் பற்றிக் கவலையில்ல. கூரான கல்லு டயர்ட பக்கத்தைக் கிழிச்சா சீலன்ட் கையை விரிச்சிடும். பாரமும் பின்னுக்குத்தான் கூட, பள்ளத்தில விழுறதும் பின் சில்லுதான். உன்னிச்சைப் பக்கம் ஆனை நடமாடுற இடம், பின்னேரம் அந்தக் கட்டில நிண்டு டயர் கழட்டுற நிலைமை ஒருத்தருக்கும் வரப்படாது.

அதால ஐகான் எடுத்தா எக்சோ (பக்கச் சுவருக்குப் பாதுகாப்புக் கூடினது) எண்டு எழுதியிருக்கிறதைப் பார்த்து எடுங்க. மெஸ்கால் எடுத்தா எக்ஸ்சி டிரெயில். எக்ஸ்சி ரேஸ் எண்டு வாறது பாரம் குறைவு, போட்டிக்கு நல்லம், நம்மட கிரவலுக்கு மெல்லிசு. ரெண்டுக்குள்ள என்னைக் கேட்டா மெஸ்கால். நடுப் பட்டன் நெருக்கமா இருக்கிறதால தாரில இழுக்காம ஓடும், காஞ்ச கிரவலில பிடிக்கும்.

கடையில டியூப்லெஸ் எண்டு வாயால சொன்னாப் போதாது. ஒரே பேரில கம்பி விளிம்பு டயரும் வரும். மேக்சிஸில டிஆர் எண்ட எழுத்து இருக்கணும், விட்டோரியாவில டிஎன்டி அல்லது டிஎல்ஆர்.

அக்கரைப்பற்று ரைடர்:

சைட்வோல் கதை சரிதான். ஆனா ஒண்டு சொல்லணும். மெஸ்கால்ட நெருக்கமான பட்டன் கார்த்திகை, மார்கழி மழையில வயல் களியில அடைபட்டு வழுக்கும். எங்கட பக்கம் மழைக்குள்ள வாய்க்கால் ரோட்டில போற ஆக்கள் இடைவெளி விட்ட பட்டனைத்தான் விரும்புறாங்க. நீங்க மாரியிலயும் வரம்பில இறங்குற ஆளா?

கல்லடிப்பாலம்:

இல்ல நானா, மழைக் காலத்தில தார் ரோட்டோட சரி. வரம்பெல்லாம் வயல் வெட்டு முடிஞ்சு காஞ்ச பிறகுதான்.

அக்கரைப்பற்று ரைடர்:

அப்ப மெஸ்காலே எடுங்க. ஒகந்தைப் பக்கம் மணலுக்கு பட்டனை விட காத்துத்தான் முக்கியம். மணல் தொடங்கிற இடத்தில பின்னுக்கு 20 பிஎஸ்ஐ வரை இறக்குங்க, டயர் புதையாம மேல ஓடும். திரும்பி கல்லு ரோட்டுக்கு வந்ததும் மறக்காம அடிச்சிடணும், இல்லாட்டி ரிம் நெளிஞ்சிடும். கைப்பம்ப் கட்டாயம் இரிக்கணும்.

கல்லடிப்பாலம்:

மெஸ்கால் 2.25 டிரெயில் கொழும்பில இருந்து வந்திட்டு. ஆனா விளிம்பு ரிம்மில ஏறி உக்காருதில்ல. நிண்டு அடிக்கிற பம்பால எவ்வளவு அடிச்சாலும் விளிம்பால காத்து புஸ் எண்டு போகுது. ஒருக்கா ஏறினது, மறுகா பார்த்தா ஸ்போக் ஓட்டைகளுக்குள்ளால சவர்க்கார நுரை கொப்புளிக்குது. டயர் பிழையோ?

வாவிக்கரை:

டயர் பிழையில்ல. ஸ்போக் ஓட்டையால நுரை வந்தா டேப்தான் காரணம். அந்தத் துணி டேப் டியூப் கிழியாம இருக்கப் போடுறது, காத்தைப் பிடிக்காது. கழட்டி எறிஞ்சிட்டு டியூப்லெஸ் டேப் வாங்குங்க, உங்கட 25 மிமீ ரிம்முக்கு 28 அளவில அகலம். ஃபார்மசியில விக்கிற சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டால ரிம்மை உள்ளுக்குத் துடைச்சுக் காயவிட்டு, டேப்பை நல்லா இழுத்து ரெண்டு சுத்துச் சுத்துங்க. ரெண்டு விளிம்புக்கும் முட்டவேணும். வால்வ் ஓட்டையைக் கத்தியால கிழிக்காம, கூரான ஊசியால சின்னதாக் குத்துங்க.

உடனே சீலன்ட் ஊத்தாதீங்க. முதல் டியூபைப் போட்டு காத்தடிச்சு ஒரு இரவு விடுங்க. டேப் அமுங்கி ஒட்டிரும், டயர்ட ரெண்டு விளிம்பும் இடத்தில உக்காந்திரும். காலையில ஒரு பக்க விளிம்பை மட்டும் கழட்டி டியூபை உருவுங்க, மற்றப் பக்கம் ஏறினபடியே இருக்கட்டும். டியூப்லெஸ் வால்வைப் பூட்டி, 100 மில்லி சீலன்ட் ஊத்தி, கழட்டின பக்கத்தை ஏத்தி, சவர்க்காரத் தண்ணி தடவுங்க. வால்வ் ஊசியைக் கழட்டிப்போட்டு அடிச்சா காத்து வேகமா உள்ளுக்குப் போகும். அப்படியும் ஏறாட்டி மோட்டார் சைக்கிள் டயர் கடைக்குப் போய் கொம்பிரஷரால அடியுங்க. உங்கட மெல்லிய வால்வுக்கு அவங்கட குழாய் பிடிக்காது, சின்னப் பித்தளை அடாப்டர் ஒண்டு கையில வைச்சிருங்க. டயரிலயும் ரிம்மிலயும் எழுதின உச்ச அழுத்தத்தில எது குறைவோ, அதைத் தாண்டப்படாது.

கல்லடிப்பாலம்:

டேப் மாத்தி, டியூபோட ஒரு இரவு விட்டு, கொம்பிரஷருக்குக் கொண்டுபோனன் அண்ணன். டக், டக் எண்டு ரெண்டு சத்தம், விளிம்பு சுத்திவர ஒரே அளவில ஏறி நிக்குது. ராவு முழுக்க வைச்சும் காத்து இறங்கல்ல. எவ்வளவு காத்தில ஓடுறது?

வாவிக்கரை:

சந்தோசம். 26 பிஎஸ்ஐயில தொடங்கி ஒவ்வொண்டாக் குறைச்சுப் பாருங்க. கல்லில ரிம் அடிக்கிற சத்தம் கேட்டா ரெண்டு கூட்டுங்க. முன் டயர் டியூபோட இருக்கிறதால அதைக் கனக்கக் குறைக்க வேணாம்.

நம்மட வெயிலுக்கு சீலன்ட் கெதியா வத்தும். ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வால்வ் ஊசியைக் கழட்டி ஒரு ஈர்க்கை உள்ளுக்கு விட்டுப் பாருங்க, நனையாட்டி இன்னும் ஊத்தணும்.

அக்கரைப்பற்று ரைடர்:

ஒகந்தைப் பக்கம் வரக்குள்ள பிளக் செட் (டயர் ஓட்டையில செருகி அடைக்கிற ரப்பர் திரி) ஒண்டும் ஒரு டியூபும் கொண்டுவாங்க. டியூப் போடுற நிலைமை வந்தா, டயருக்குள்ள துணியால மெதுவாத் தடவிப் பாருங்க. சீலன்ட் அடைச்ச முள்ளெல்லாம் முறிஞ்சு உள்ளுக்குத்தான் நிக்கும். அதைப் பிடுங்காம டியூபை ஏத்தினா அடுத்த சந்தியிலயே காத்துப் போயிரும்.