பழைய படகின் டீசல் இன்ஜினுக்குள் தண்ணீர்: எந்த வழியாக வருகிறது?

அலைவாய்:
வணக்கம். அண்மையில் பழைய படகு ஒன்று வாங்கினேன். மூன்று சிலிண்டர், ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள இன்போர்டு டீசல் இன்ஜின். இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மமான கூலண்ட் தனியாகச் சுற்றுகிறது. அதைக் குளிர்விக்கும் கடல்நீர், ஹீட் எக்ஸ்சேஞ்சர் வழியாகப் போய் எக்ஸாஸ்ட் எல்போவில் (புகைக்குழாயின் வளைவில்) புகையோடு கலந்து வெளியேறுகிறது. வாங்கும்போது ஓட்டிப் பார்த்ததில் குறை எதுவும் தெரியவில்லை. சில நாள் கட்டிக் கிடந்த பிறகு சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே சத்தம், இன்ஜின் அசையவில்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது. ஆயில் குச்சியை உருவினால் மேல்கோட்டையும் தாண்டி விரற்கடை அளவு ஏறி நிற்கிறது. நிறம் பால் கலந்த காப்பி. ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர்களின் மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்) போய்விட்டது என்கிறார்கள். ஹெட்டைக் கழற்றும் முன் உறுதி செய்துகொள்ள வழி உண்டா?

நங்கூரம்:
ஆயில் வெளுத்திருந்தால் பெரும்பாலும் கேஸ்கெட்தான். எப்படியும் கழற்றத்தான் போகிறீர்கள், இப்போதே கழற்றிவிடுங்கள்.

சுக்கான்:
நண்பரே, காரணம் தேடுவது அடுத்த வேலை. இன்ஜினைக் காப்பாற்றுவது முதல் வேலை. தயவுசெய்து ஸ்டார்ட்டரை மீண்டும் தொடாதீர்கள்.

தண்ணீரை அமுக்க முடியாது. உங்கள் சிலிண்டர் ஒவ்வொன்றும் சுமார் 333 மில்லிலிட்டர். அழுத்த விகிதம் 22-க்கு 1 என்று வைத்தால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் 16 மில்லிலிட்டர், அதாவது ஒரு மேசைக்கரண்டி. அதற்கு மேல் தண்ணீர் நின்றால் கனெக்டிங் ராட் வளையும்.

கடல்நீர் வால்வை மூடுங்கள். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் கழற்றுங்கள். கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, இன்ஜின் சுழலும் திசையிலேயே கையால் மெதுவாகச் சுற்றுங்கள். முகத்தை ஓட்டைகளுக்கு நேரே வைக்காதீர்கள். தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். எந்தச் சிலிண்டரிலிருந்து எவ்வளவு வந்தது என்று குறித்துக்கொண்டு, அதில் கொஞ்சத்தை ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து வையுங்கள். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய எண்ணெய் விட்டு மறுபடி சுற்றுங்கள். கடல்நீர் பட்ட சிலிண்டர் சுவரில் சில மணி நேரத்திலேயே துரு ஏறத் தொடங்கிவிடும். இதை இன்றைக்கே செய்யுங்கள், நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

பாய்மரம்:
சுக்கான் சொன்னதை முடித்துவிட்டு இரண்டு கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். வந்தது எந்தத் தண்ணீர்? எப்போது வந்தது, ஓடும்போதா, நிற்கும்போதா?

முதல் கேள்விக்கு: புட்டியில் பிடித்த தண்ணீரை வெள்ளைத் தட்டில் ஊற்றி வற்றவிடுங்கள். கடல்நீர் என்றால் 100 மில்லிலிட்டருக்கு மூன்றரை கிராம் அளவுக்கு உப்பு படிந்து நிற்கும். கூலண்ட் என்றால் நிறமுள்ள பிசுக்கு மிஞ்சும். நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். கூலண்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் நஞ்சு. கூலண்ட் தொட்டியின் அளவு குறைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் அமைப்பில் கேஸ்கெட் போனால் முதலில் உள்ளே வருவது கூலண்ட்தான், கடல்நீர் அல்ல.

கடல்நீர் பம்ப்பின் சீல் தேய்ந்தும் ஆயிலில் நீர் கலக்கும். ஆனால் அந்த வழியாக வரும் நீர் ஆயில் தொட்டிக்குத்தான் போகும், பிஸ்டனுக்கு மேலே ஏறாது. உங்கள் இன்ஜின் பூட்டிக்கொண்டதால், நீர் எக்ஸாஸ்ட் வழியாக, திறந்திருந்த வால்வைக் கடந்து இறங்கியிருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அலைவாய்:
இருவருக்கும் நன்றி. சொன்னபடி செய்தேன். மூன்றாவது சிலிண்டரிலிருந்து நிறைய வந்தது, இரண்டாவதில் கொஞ்சம், முதலாவதில் ஒன்றுமில்லை. இப்போது கையால் தடையில்லாமல் முழுச் சுற்றும் சுற்றுகிறது. தட்டில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கிறது. கூலண்ட் இம்மியும் குறையவில்லை. எக்ஸாஸ்ட் எல்போ நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கிறது. அதற்குக் கடல்நீர் கொண்டுவரும் ஹோஸ் மேலே ஏறி வளைந்து இறங்குகிறது. வளைவின் உச்சியில் சிறிய பிளாஸ்டிக் மூடி இருக்கிறது.

பாய்மரம்:
அந்த மூடிதான் நான் தேடியது. அதற்குள் சைஃபனை, அதாவது நிறைந்த குழாய் வழியே நீர் தானாக இழுபடுவதை, முறிக்கும் வால்வு இருக்கிறது. இன்ஜின் நின்றதும் காற்றை உள்ளே விட்டு, ஹோஸில் நிற்கும் நீரை இரண்டாகப் பிரிப்பது அதன் வேலை. அது அடைத்துக்கொண்டால் கடல்நீர் தானாகவே இழுபட்டு வந்துகொண்டிருக்கும். பம்ப்புக்குள் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்திருந்தால் அதை முழுதாகத் தடுக்காது. முதலில் மஃப்ளர் (புகையின் சத்தத்தைக் குறைக்கும் பெட்டி) நிரம்பும், பிறகு எல்போ, பிறகு சிலிண்டர். அங்கிருந்து பிஸ்டன் வளையங்களைக் கடந்து ஆயிலுக்கும் இறங்கும். கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். ஒரு பக்கம் காற்று எளிதாகப் போக வேண்டும், மறுபக்கம் நிற்க வேண்டும்.

அலைவாய்:
எந்தப் பக்கமும் காற்று போகவில்லை. உள்ளே இருக்கும் ரப்பர் நாக்கைச் சுற்றி உப்பு கல்லாக இறுகி, நாக்கு அதன் இருக்கையோடு ஒட்டிப்போயிருக்கிறது. நகத்தால் கிளறினால் பொடியாக உதிர்கிறது.

சுக்கான்:
காரணம் கிடைத்துவிட்டது. வால்வைக் கழுவிப் பயன்படுத்த வேண்டாம், புதிதாகப் போடுங்கள். வளைவின் உச்சி நீர்மட்டத்துக்கு மேல் குறைந்தது 30 சென்டிமீட்டர் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். பாய்மரப் படகாக இருந்தால் சாய்ந்து ஓடும் நிலையையும் கணக்கில் எடுங்கள்.

ஆயிலை வடிக்கும்போது உறிஞ்சு குழாயைத் தொட்டியின் அடிவரை இறக்குங்கள்; தண்ணீர் அடியில்தான் தங்கும். ஃபில்டரையும் மாற்றுங்கள். மஃப்ளரைக் காலி செய்யுங்கள். இன்ஜெக்டர்கள் வெளியே இருக்கும்போதே ஸ்டார்ட்டரால் சுற்றி மிச்ச நீரைத் துப்பவிட்டு, அழுத்தத்தையும் அளந்துவிடுங்கள். மூன்று சிலிண்டரும் ஒன்றையொன்று ஒட்டி வந்தால் நல்லது. மூன்றாவது மட்டும் தெளிவாகக் குறைந்தால் ராட் வளைந்திருக்கலாம், வளையங்களோ வால்வோ கெட்டிருக்கலாம். அப்போது ஹெட்டைக் கழற்றுவதில் நியாயம் உண்டு.

அலைவாய்:
அளவுகள்: 27, 27, 26 பார். புதிய வால்வு போட்டாகிவிட்டது. இன்ஜின் ஓடுகிறது! முதல் ஆயில் மாற்றத்துக்குப் பிறகும் லேசாக வெளுத்தது.

சுக்கான்:
மனம் நிறைந்தது. லேசான வெளுப்பு இயல்பு. இன்ஜின் சூடேறும்வரை ஓட்டி, சூட்டோடு வடித்து மாற்றுங்கள். குச்சியில் ஆயில் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்யுங்கள்.

நங்கூரம்:
கூலண்ட் குறையவில்லை, தட்டில் உப்பு என்ற பிறகு கேஸ்கெட் பேச்சுக்கே இடமில்லை. நல்லவேளை, ஹெட்டைத் தொடவில்லை. எல்போவையும் ஒருமுறை கழற்றி உள்ளே பாருங்கள். கரியும் உப்பும் சேர்ந்து அடைக்கும் இடம் அது. உட்சுவர் அரித்திருந்தால் கடல்நீர் அங்கிருந்தே இன்ஜின் பக்கம் திரும்பும், புது வால்வு அதைத் தடுக்காது.

பாய்மரம்:
ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. இன்ஜினை ஓட்டி நிறுத்துங்கள். கடல்நீர் வால்வைத் திறந்தே வைத்து, மஃப்ளரின் வடிகால் திருகைக் கழற்றுங்கள். மேலேறும் எக்ஸாஸ்ட் ஹோஸில் தங்கிய நீர் முதலில் வரும். சற்று நேரத்தில் அது ஓய்ந்துவிட வேண்டும். சொட்டிக்கொண்டே இருந்தால் சைஃபன் இன்னும் முறியவில்லை என்று பொருள். ஓய்ந்தால் திருகை மாட்டிவிடலாம். அடுத்த ஒரு மாதத்துக்குப் படகைவிட்டுப் போகும்போதெல்லாம் கடல்நீர் வால்வை மூடிவிட்டுப் போங்கள். எப்போதாவது ஸ்டார்ட் ஆக மறுத்து ஸ்டார்ட்டரால் நீண்ட நேரம் சுற்ற நேர்ந்தாலும் மூடிக்கொள்ளுங்கள், இன்ஜின் பிடித்ததும் உடனே திறந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் வேகம் இல்லாதபோது பம்ப் தள்ளும் நீர் முழுவதும் மஃப்ளரில்தான் சேரும்.

அலைவாய்:
சோதித்தேன், ஓய்ந்துவிட்டது. எல்போ உள்ளே பாதி அடைத்திருந்தது, புதிதுக்குச் சொல்லிவிட்டேன். மூவருக்கும் மனமார்ந்த நன்றி.