"உள்ளே ஒருத்தர் முழிச்சிட்டு இருக்காரே": கடவுளை நம்பி மனசு அடங்கின தருணங்கள்

கூழாங்கல்

பைபாஸ் ஆபரேஷன் நடக்கிறப்போ வெளியே உட்கார்ந்திருந்தவங்களுக்கு அந்த வராந்தா எப்படி இருக்கும்னு தெரியும், அதனால நேரா விஷயத்துக்கு வரேன். அப்பா உள்ளே. எனக்குத் தெரிஞ்ச பிரார்த்தனை எல்லாம் சொல்லி முடிச்சு, திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிச்சிருந்தேன். கதவு திறக்கிறப்பல்லாம் வயிறு கலங்கும்.

பக்கத்துல ஒரு அம்மா. அவங்க மகனும் அதே கதவுக்குப் பின்னாடிதான். ஆனா அவங்க தூங்கிட்டிருந்தாங்க. அசதியில தலை சாயற தூக்கம் இல்ல. செருப்பைக் கழட்டி ஓரமா வெச்சு, கைப்பையைத் தலைக்கு வெச்சு, பெஞ்சுல முறையா படுத்துத் தூங்குற தூக்கம். எழுந்ததும் கேட்டுட்டேன்: "எப்படிம்மா உங்களால முடியுது?"

கண்ணைக் கசக்கிக்கிட்டே சொன்னாங்க: "உள்ளே ஒருத்தர் முழிச்சிட்டு இருக்காரே. நானும் எதுக்குக் கண்ணு முழிக்கணும்?"

அதுக்கப்புறம் நான் எதையும் சொல்லல, வேண்டல, சும்மா உட்கார்ந்திருந்தேன். அப்பாவுக்கு என்ன ஆகும்னு அப்பவும் தெரியாது, ஆனா வயித்துக் கலக்கம் நின்னு போச்சு. இன்னும் மனசுல உறுத்துறது ஒண்ணுதான். அவங்க கடவுளைச் சொன்னாங்களா, டாக்டரைச் சொன்னாங்களா?

அரைத்தூக்கம்

டாக்டரைத்தான். இதுல என்ன சந்தேகம்?

பைபாஸ்னு நீங்களே ஆரம்பிச்சதால சொல்றேன். ஹெர்பர்ட் பென்சன்ங்கிற இதய டாக்டரோட குழு 2006-ல வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவுல 6 மருத்துவமனைகள், 1,802 பைபாஸ் நோயாளிகள். "உங்களுக்காக நிச்சயமா பிரார்த்தனை நடக்குது"ன்னு சொல்லப்பட்டவங்கள்ல 59 சதவீதம் பேருக்குச் சிக்கல் வந்துச்சு. நடக்குமா நடக்காதான்னு தெரியாம, ஆனா பிரார்த்தனை செய்யப்பட்டவங்கள்ல 52 சதவீதம். என் அனுபவம்னு சொல்ல எதுவும் இல்ல. எங்க வீட்டுல எல்லாரும் வேண்டுவாங்க, நான் பில் கட்டுவேன்.

இரண்டாம் வரிசை

@அரைத்தூக்கம், அந்த ஆய்வு பார்த்தது, அடுத்தவங்க வேண்டினா நோயாளிக்குக் குணமாகுதான்னு. கூழாங்கல் சொல்றது வேற. அந்த அம்மா எதையும் கேட்கவே இல்லையே, தூங்கிட்டுல்ல இருந்தாங்க!

கடவுள்கிட்ட சரணடைய நம்ம முயற்சியும் வேணுமா வேண்டாமான்னு வைணவத்துல பழைய சண்டையே உண்டு. குரங்குக்குட்டி தாயை இறுக்கிப் பிடிச்சுக்கும், பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கிட்டுப் போகும். வேதாந்த தேசிகர் வழி வந்த வடகலையார் நம்ம பக்கமும் ஒரு பிடி வேணும்பாங்க. பிள்ளை லோகாசாரியார் வழித் தென்கலையார் பூனைக்குட்டி பக்கம். கூழாங்கல் குரங்குக்குட்டியா போய் பூனைக்குட்டியா திரும்பியிருக்காங்க.

என் கதை சின்னது. வேலை போன அன்னிக்கு ராத்திரி கூரையைப் பார்த்து "இனி உன் பாடு"ன்னு சொன்னேன். பக்தியில இல்ல, வெறுப்புல. விடியறவரைக்கும் தூங்கினேன். காலையில வேலை ஒண்ணும் வந்து கதவைத் தட்டல. ஆனா அத்தனை நாள் வராத தூக்கம் எங்கேர்ந்து வந்துச்சு?

வெயில்முகம்

எல்லாருக்கும் இப்படி நடக்கும்ங்கிற மாதிரி எழுதுறீங்க. எனக்கு நடக்கல.

அம்மா விஷயத்துல முழுசா நம்பினேன். போனதுக்கப்புறம் அலமாரியைத் திறந்தா மாத்திரை அட்டை, பாதி மீதம். அதைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன், பின்னாடி ஒரு சொந்தக்காரங்க "எல்லாம் அவர் பார்த்துப்பார்"ங்கிறாங்க. அந்தக் குரல் இன்னும் காதுல இருக்கு. அவ்வளவு ஆத்திரம் எனக்கு யார் மேலயும் வந்ததில்ல.

அன்னை தெரசாவோட கடிதங்கள் 2007-ல வெளியானப்போ என்ன தெரிய வந்துச்சு? கிட்டத்தட்ட ஐம்பது வருஷமா கடவுள் பக்கத்துல இருக்கிற உணர்வே இல்லாம வேலை செஞ்சிருக்காங்க. அப்போ அவங்க நம்பிக்கை குறைஞ்சதா? நம்புறவங்களுக்கெல்லாம் அமைதி கைமேல கிடைக்கும்னு யாரும் சொல்லாதீங்க, ப்ளீஸ். நான் இப்பவும் தினம் பேசுறேன். பதில் வராது. நிறுத்தவும் முடியல.

நடைவண்டி

எனக்கும் ஒரு தடவை படபடப்பு வந்து, கடவுள்கிட்ட ஒப்படைச்சேன், சரியாச்சு. அது கிடக்கட்டும். இங்கே எழுதுற எல்லாருக்கும் சில விஷயங்கள் சொல்லணும்.

"எல்லாம் நல்லபடியா நடக்கணும்"னு பொதுவா வேண்டாதீங்க. எது பயமோ அதைப் பேர் சொல்லிச் சொல்லுங்க. "ரிப்போர்ட்டுல கட்டின்னு வந்துடுமோ"ன்னு பயமா, அதையே சொல்லுங்க. பாதி பயம், வாயால சொல்லும்போதே கரைஞ்சிடும். அப்புறம் அதுல நம்ம கைவேலை எவ்வளவுன்னு பாருங்க. போன் பண்ணணுமா, பரிசோதனைக்குப் போகணுமா, முதல்ல அதை முடிங்க. ஒட்டகத்தைக் கட்டிட்டு இறைவனை நம்பட்டுமா, கட்டாம நம்பட்டுமான்னு ஒருத்தர் கேட்டப்போ, கட்டிட்டு நம்புன்னு நபிகள் சொன்னதா திர்மிதிங்கிற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புல வருது. தவக்குல், அதாவது இறைவன்கிட்ட பொறுப்பை ஒப்படைக்கிறதுன்னா அதுதான். மிச்சத்தை ஒப்படைங்க. பத்து நிமிஷத்துல கவலை திரும்ப வரும், கண்டிப்பா வரும். "எனக்கு நம்பிக்கை பத்தல"ன்னு உங்களையே திட்டாதீங்க, திரும்ப ஒப்படைங்க. ராத்திரி தூக்கம் கெட்டிருக்கும்போது பெரிய முடிவு எடுக்காதீங்க. வாரக்கணக்கா தூக்கம் இல்லைன்னா டாக்டரைப் பாருங்க, அது நம்பிக்கைக் குறைவு ஆகாது. @வெயில்முகம், உங்களுக்குத்தான் முக்கியமா சொல்றேன்.

வெயில்முகம்

நான் ஏற்கனவே டாக்டரைப் பார்த்துட்டுதான் இருக்கேன். அறிவுரை கேட்ட ஞாபகம் இல்ல.

அரைத்தூக்கம்

வெயில்முகம் பக்கம் நான். "பார்த்துப்பார்"னு சொல்றவங்க ஒருத்தரும் கூட இருந்து பார்த்துக்க மாட்டாங்க.

பெயர் வேண்டாம்

சண்டைக்கு நடுவுல என்னோடது. பெரியப்பாவுக்குக் கடைசிக் கட்டப் புற்றுநோய். கட்டிலைச் சுத்தி நின்னு எல்லாரும் வேண்டிட்டிருந்தோம். அவர் கண்ணைத் திறந்து, "வேண்டுறவங்க கொஞ்சம் வெளியே போய் வேண்டுங்கப்பா, ஸ்கோர் கேட்க மாட்டேங்குது"ன்னார். எல்லாரும் போயிட்டாங்க, நான் மட்டும் இருந்தேன்.

"பயமா இல்லையா பெரியப்பா?"

"இருக்கு. அவர்கிட்ட சொல்லியாச்சு. நீ சத்தத்தைக் கூட்டு."

கூட்டினேன். அன்னிக்கு நம்ம ஆளுங்க தோத்துட்டாங்க. நல்லா திட்டிட்டுத் தூங்கினார்.

அரைத்தூக்கம்

எந்த மேட்ச்?