அந்தரங்க இடத்தில் அரிப்பு: உங்களுக்கு என்னவாக இருந்தது?

மேன்ஷன்வாசி:
அந்த இடத்தில் அரித்தாலே எய்ட்ஸ்தான் என்று முடிவு கட்டித் தூக்கம் கெட்டுக் கிடப்பவர்கள் ஒரு பக்கம், அரிப்புதானே என்று மெடிக்கலில் ஒரு டியூப் வாங்கித் தடவிக்கொண்டே காலத்தை ஓட்டுபவர்கள் இன்னொரு பக்கம். திருவல்லிக்கேணியில் நான் தங்கியிருந்த மேன்ஷனிலேயே இரண்டு வகையையும் பார்த்துவிட்டேன், அதனால்தான் இந்தத் திரி. எச்ஐவி இருக்கிறதா இல்லையா என்று அரிப்பை வைத்துச் சொல்லவே முடியாது. அதற்குப் பரிசோதனை ஒன்றுதான் வழி.

எனக்கு ஆண்குறியிலும் விதைப்பைத் தோலிலும் சின்னச் சின்னப் பருக்கள். பகலில் பரவாயில்லை, ராத்திரி படுத்தால் அரிப்பு தாங்க முடியாது. தோல் டாக்டர் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு உடனே கையை நீட்டச் சொன்னார், விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி எல்லாம் பார்த்தார். "புதுசா யார் கூடவாவது தொடர்பு உண்டா? ரூம்ல வேற யாருக்காவது அரிக்குதா?" என்று இரண்டு கேள்வியையும் ஒரே குரலில் கேட்டார், அதில் கேலியோ உபதேசமோ இல்லை, அது எனக்குப் பெரிய ஆறுதல். வந்திருந்தது சொறி, அதாவது தோலுக்குள் குழி பறித்து முட்டையிடும் ஒரு நுண்பூச்சி. உடலுறவில் பரவும், ஒரே பாயில் நெருக்கிப் படுத்தாலும் பரவும்.

பெர்மெத்ரின் 5 சதவீதக் கிரீம். அரிக்கிற இடத்தில் மட்டும் தடவினால் வேலைக்காகாது, கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை ராத்திரி பூசிக் காலையில் குளிக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. ரூமில் இருக்கும் எல்லாரும் ஒரே ராத்திரியில் பூச வேண்டும், ஏனென்றால் முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம்கூட ஆகும், அதுவரை "எனக்கு ஒண்ணுமில்லையே" என்று சொல்பவனிடமும் பூச்சி இருக்கலாம். போர்வை, உள்ளாடையெல்லாம் வெந்நீரில் போட்டு வெயிலில் காய வைத்தோம். பூச்சி செத்த பிறகும் அரிப்பு சில வாரம் இருக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார், அது தெரியாமல் பலர் மறுபடி மறுபடி பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறார்கள்.

பக்கத்து ரூம் அண்ணனுக்கு வந்தது தொடை இடுக்கில் படர்தாமரை, அதாவது பூஞ்சைத் தொற்று. கடையில் டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுத்த கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. போட்டதும் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் இரண்டு மடங்காகத் திரும்பும், வட்டம் தொடையெல்லாம் பரவி, தோல் மெலிந்து கோடு கோடாக வெடித்துவிட்டது. 2018-லேயே பல ஸ்டீராய்டு கிரீம்களைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டும், கேட்டால் இன்னமும் எடுத்துக் கொடுக்கிறார்கள். எனக்கு இதில் வருகிற கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பெயர் வேண்டாம் (பெண், 34):
பெண்கள் பக்கமும் ஒன்று பதியட்டும். எனக்கு அரிப்போடு மஞ்சளும் பச்சையுமாக நுரைத்த மாதிரி வெள்ளைப்படுதல், கெட்ட வாடை, சிறுநீர் போனால் எரிச்சல். மாமியார் உடம்புச் சூடு என்று வெந்தயமும் இளநீரும் கொடுத்தார்கள், பாவம், அக்கறையில்தான். மெடிக்கலில் பூஞ்சைக்கான மாத்திரை ஒன்று கொடுத்தார்கள், ஒன்றும் குறையவில்லை. பூஞ்சை என்றால் பெரும்பாலும் திரிந்த பால் மாதிரி கட்டியாக, அதிக வாடை இல்லாமல் படுமாம், அது பொதுவாகப் பால்வினை நோய்க் கணக்கிலும் வராது. அரசு மருத்துவமனையில் வெள்ளைப்படுதலில் மாதிரி எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு டிரைக்கோமோனாஸ், அதாவது உடலுறவில் பரவும் ஒரு நுண்ணுயிர் என்றார்கள்.

மாத்திரை மெட்ரோனிடசோல், 7 நாள், அவ்வளவுதான். கஷ்டம் அதற்கப்புறம். கணவரும் சாப்பிட வேண்டும் என்றதும் "எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, நான் எதுக்குச் சாப்பிடணும், உனக்கு எங்கேர்ந்து வந்துச்சு" என்று வீட்டில் பெரிய ரகளை. டாக்டரம்மா அவரையே வரவழைத்து உட்கார வைத்துப் பேசினார்கள். ஆண்களுக்கு இது பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது, மாதக் கணக்கில் உடம்பில் இருக்கலாம், யாரிடமிருந்து எப்போது வந்தது என்று இந்தப் பரிசோதனை சொல்லாது, ஒருத்தர் மட்டும் சாப்பிட்டால் அடுத்தவரிடமிருந்து திரும்ப வரும் என்றார்கள். இரண்டு பேரும் சாப்பிட்டு முடித்து, தொந்தரவு நிற்கும்வரை சேரக் கூடாது என்றும் சொன்னார்கள். அதே நாளில் இருவருக்கும் எச்ஐவி பரிசோதனையும், சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான விடிஆர்எல் பரிசோதனையும் எடுத்தார்கள், இரண்டு நோயுமே இல்லை. கணவனுக்குச் சொல்ல பயந்து தனியாக மருந்து சாப்பிடும் தங்கைகளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வாயால் சொல்ல முடியாவிட்டால் டாக்டரைச் சொல்லச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரர்:
எனக்கு வயது 52. முன்தோல் சிவந்து, வெடித்து, ஒரே அரிப்பு. என்னென்னவோ நினைத்துப் பயந்து போனால் டாக்டர் முதலில் எழுதியது சுகர் டெஸ்ட். சர்க்கரை எகிறி இருந்தது, அதில் வந்த பூஞ்சை. சுகருக்கு டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இப்படி வரலாம், சிறுநீரில் சர்க்கரை இறங்குவதால். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள்.

ஆலோசகர்:
நான் வேலை பார்ப்பது ஒரு சுகவாழ்வு மையத்தில். பல அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது, பால்வினைத் தொற்றுக்குப் பரிசோதனையும் மருந்தும் இலவசம். எச்ஐவி பரிசோதனைக்கு நம்பிக்கை மையம். எங்கே என்று கேட்கக் கூச்சமாக இருந்தால் 1097-க்கு அழையுங்கள், கட்டணம் கிடையாது.

அரிப்பு இருப்பவர்கள் எப்படியாவது வந்துவிடுகிறார்கள், என் கவலை அரிக்காதவர்கள் பற்றித்தான். சிஃபிலிஸின் முதல் புண் பெரும்பாலும் வலிக்காது, அரிக்காது, தானாக ஆறிவிடும், ஆனால் நோய் உள்ளேயே இருக்கும். கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று பெண்கள் பலருக்கு எதையும் காட்டாது. அக்கி வகை, அதாவது ஹெர்பிஸ், முதலில் நமநமவென்று அரிப்பாகவோ எரிச்சலாகவோ தொடங்கி அப்புறம் கொத்தாகக் கொப்புளம் போடும். கொப்புளம் இருக்கும்போதே வாருங்கள், ஆறிய பிறகு கண்டுபிடிப்பது சிரமம். பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு அவசரமாக எடுத்த எச்ஐவி பரிசோதனையில் இல்லை என்று வந்தால் 3 மாதம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். உறவு நடந்து 72 மணி நேரத்துக்குள் என்றால் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், எச்ஐவி தடுப்பு மாத்திரை பற்றிக் கேட்கலாம்.

வரும்போது இதுவரை தடவிய டியூப், தின்ற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். "ஏதோ வெள்ளை ஆயின்மென்ட்" என்றால் எங்களுக்கும் ஒன்றும் புரியாது.