ஹான்டார்ஃப்: அப்பாவுக்கு எதைக் காட்ட?

கிளெம்சிக்காரன் கேட்டது:

வணக்கம். செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் ஆஸ்திரேலியாவுக்கு, இங்க அடிலெய்டு வர்றாங்க. அப்பா சர்வே டிபார்ட்மென்டில் 31 வருஷம் சங்கிலியோட அலைஞ்சு ரிட்டயர் ஆனவர். எந்த ஊருக்குக் கூட்டிப் போனாலும் கோபுரத்தைப் பாக்க மாட்டார், எல்லைக் கல்லைத்தான் தேடுவார். ஹான்டார்ஃப்னு ஒரு பழைய ஜெர்மன் கிராமம் பக்கத்திலேயே இருக்கு, போவோம்னு சொன்னேன். போன்லயே ஆரம்பிச்சுட்டார்: "யாருப்பா அங்க குடியேறினது? நிலம் யார் குடுத்தா? எஃப்எம்பி, அதான் நில அளவைப் படம், ஏதும் பாக்கக் கிடைக்குமா?"

நானும் ரெண்டு தடவை போயிருக்கேன். எனக்கு ஞாபகம் இருக்கறது சாசேஜ், பீர், குக்கூ கடிகாரம், அப்புறம் பார்க்கிங் தேடி நாலு சுத்து சுத்தினது. ரெண்டு பேரும் சைவம், அம்மாவுக்கு முழங்கால் வலி வேற. ஒரு நாள் முழுக்க ஒதுக்கற அளவுக்கு அங்க ஏதாவது இருக்கா?

ஞாயிறு டிரைவர்:

அரை நாள் தாராளம். ஒன்பது மணிக்கே போயிடுங்க, பார்க்கிங் கிடைக்கும். சைவத்துக்கு ஆப்பிள் ஸ்ட்ரூடல் (முட்டை உண்டான்னு கேட்டுக்கோங்க). பீரன்பெர்க் பண்ணையில ஸ்ட்ராபெரி பறிக்கலாம்னு அம்மாகிட்ட ஆசை காட்டிடாதீங்க. அது நவம்பர்லதான் ஆரம்பிக்கும். எங்க மாமியார்கிட்ட சொல்லிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நடைவாசி:

தம்பி, அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. நீங்க கடைத்தெருவை மட்டும் பாத்துட்டுத் திரும்பியிருக்கீங்க.

அப்போ ஜெர்மன் நாடுகள்ல ஒண்ணான பிரஷ்யாவோட அரசர் மூன்றாம் ஃபிரெடெரிக் வில்லியம், தன் நாட்டு கிறிஸ்தவங்களோட லூத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒண்ணாச் சேர்த்து, இனி எல்லாரும் இப்படித்தான் கும்பிடணும்னு உத்தரவு போட்டார். முடியாதுன்னு நின்ன குடியானவங்களும் கைத்தொழில்காரங்களும்தான் 1838 ஆகஸ்ட்ல ஹாம்பர்க் பக்கத்து ஆல்டோனாவில் ஜீப்ராங்கற கப்பல் ஏறி, டிசம்பர் கடைசியில் போர்ட் அடிலெய்டு வந்து சேர்ந்தாங்க. வழியில் செத்தவங்களும் உண்டு.

கப்பல் கேப்டன் டிர்க் ஹான். ஆளை இறக்கிவிட்டா அவர் வேலை முடிஞ்சுது. ஆனா அந்த மனுஷன் அப்படியே போகல. இவங்களுக்கு ஒரு இடம் வேணுமேன்னு மலைக்கு ஏறி, டட்டன்ங்கற நிலக்காரர்கிட்டயும் அவர் கூட்டாளிகள்கிட்டயும் பேசி, முதல் வருஷம் வாடகை இல்லாம நிலம் வாங்கிக் குடுத்தார். 1839-ல் ஊர் எழும்பினப்போ அவர் பேரையே வச்சுட்டாங்க. டார்ஃப்னா ஊர். நம்ம பக்கமா இருந்தா ஹான்பட்டி.

சாமான் கடையை எல்லாம் தாண்டி அந்த வீட்டுச் சுவர்களைப் பாருங்க. மரச்சட்டம் கோர்த்து, இடையில் செங்கல்லோ, வைக்கோல் பிசைஞ்ச களிமண்ணோ வச்சு அடைச்சிருப்பாங்க. ஃபாக்வெர்க்னு சொல்வாங்க. சட்டம் இந்த ஊர் யூகலிப்டஸ் மரம், கட்டின கை பிரஷ்யக் கை. மெயின் ஸ்ட்ரீட்ல ஹேபிக் குடும்பத்து வீடு அதுக்கு நல்ல உதாரணம்.

எனக்கு அந்த ஊர்ல பிடிச்சது பொம்பளைங்க நடந்த வழி. முதல் வருஷங்கள்ல மாடு, வண்டி எல்லாருக்கும் கட்டுப்படியாகல. வெண்ணெய், முட்டை, காய்கறி எல்லாத்தையும் பொண்ணுங்க சுமந்துக்கிட்டு நடுராத்திரி கிளம்பி மலை இறங்குவாங்க. ஊருக்கு வெளியே ஓடையில் கால் கழுவி, அப்புறம்தான் காலுறையும் ஷூவும் மாட்டுவாங்க. விடியும்போது அடிலெய்டு சந்தை. திரும்பறப்போ சர்க்கரை, ஊசி, புகையிலை. கூடவே கோயில் கட்ட ஆளுக்கு ரெண்டு செங்கல்னு ஊர்ல ஒரு கதை. செங்கல் கதையை நான் பாதிதான் நம்பறேன். பழம் விக்கப் போன எங்க பாட்டி திரும்பி வர்றப்போ தலையில் வெத்துக்கூடை இருந்ததே இல்லைங்கறதால அந்தப் பாதி.

அந்தப் பாதையில் இப்பவும் நடக்கலாம், பயனியர் விமன்ஸ் டிரெயில். 26 கிலோமீட்டர், அடிலெய்டு ஓரத்துல போமான்ட்ல முடியும். ஒரு தடவை நடந்தேன், பகல்ல, நல்ல ஷூ போட்டு, ஒரு தண்ணி பாட்டிலும் சாண்ட்விச்சும் மட்டும் எடுத்துக்கிட்டு. ஏத்தத்தை விட இறக்கம்தான் மோசம், கட்டைவிரல் நகம் ரெண்டும் கறுத்துப் போச்சு. கூடையோட இருட்டுல எப்படி இறங்கினாங்களோ. அம்மா முழங்காலுக்கு வேண்டாம், பாதை தொடங்கற இடத்தை மட்டும் காட்டுங்க.

அப்பாவுக்கு உண்மையான தீனி ஹான்டார்ஃப்ல இல்ல, பாரோசா பள்ளத்தாக்கில் இருக்கற பெத்தனி. 1842-ல் அதே மாதிரி லூத்தரன் கூட்டம் உண்டாக்கின ஊர். வீடெல்லாம் ரோட்டோரம் வரிசையா இருக்கும். ஒவ்வொருத்தர் நிலமும் வீட்டுக்குப் பின்னாடி நாடா மாதிரி நீண்டு ஓடைவரைக்கும் போகும். ஹூஃபென்டார்ஃப்னு பேரு. எல்லாருக்கும் ரோடு, எல்லாருக்கும் தண்ணி. பங்காளிங்க சண்டை போடாம பாகம் பிரிச்ச மாதிரி. இன்னிக்கும் சேட்டிலைட் படத்துல அந்தக் கோடுகள் தெரியும். எஃப்எம்பி தேடவே வேண்டாம்.

பழைய முகவரி:

அக்கா சொன்னதோட ரெண்டு விஷயம். "நிலம் யார் குடுத்தா"ன்னு அப்பா கேட்டா டட்டனோட நிறுத்தாதீங்க. அது பெராமாங்க்ங்கற பூர்வகுடி மக்களோட மண். அந்த இடத்துக்கு அவங்க வச்ச பேர் புகார்ட்டிலா. வந்து சேர்ந்த ஜெர்மன்காரங்களுக்குக் காட்டுல எது திங்கலாம்னு காட்டிக் குடுத்ததும் அவங்கதான். எல்லைக் கல் நட்டதுக்கு அப்புறம் அந்தப் பேர் எந்தப் பத்திரத்துல வந்துச்சு?

அடுத்தது, உங்க புனைபேரே 1918-ல் செல்லாது! முதல் உலகப் போர் நேரத்துல, 1917-ல் சட்டம் போட்டு இந்த மாநிலத்துல 69 ஜெர்மன் ஊர்ப்பேரை மாத்தினாங்க. ஹான்டார்ஃப் ஆம்பிள்சைடு ஆச்சு, லோபெத்தால் ட்வீட்வேல் ஆச்சு, கிளெம்சிக் காசா ஆச்சு, பாலஸ்தீனத்துல நடந்த சண்டை ஞாபகமா. 49 லூத்தரன் பள்ளிக்கூடத்தையும் மூடினாங்க. 1935-ல் இந்த மூணு ஊருக்கும் பழைய பேர் திரும்பி வந்துது. ஆனா உங்க ஏரியா ஃபுட்பால் கிளப் இன்னும் காசாதான்.

ஃப்ரீவேயில் ஹைசன் குகைப்பாதைக்குள்ள நுழையறப்போ இதையும் சொல்லுங்க. ஹான்ஸ் ஹைசன் ஹாம்பர்க்ல பொறந்த ஓவியர், ஹான்டார்ஃப்ல குடியிருந்து யூகலிப்டஸ் மரமா வரைஞ்சு தள்ளினவர். போர்க்காலத்துல அவரையே சந்தேகமாப் பாத்தாங்க. அவர் வீடு, தி சீடார்ஸ், ஊருக்கு வெளியில இருக்கு. அம்மா உக்காந்து பாக்க நல்ல இடம்.

கிளெம்சிக்காரன்:

தினமும் ஓ-பான் பஸ்ல கிளெம்சிக் ஸ்டேஷன்ல இறங்கறேன், அது காசாவா இருந்தது தெரியவே தெரியாது! அக்கா, ரொம்ப நன்றி. முதல் நாள் ஹான்டார்ஃப், அடுத்த வாரம் பெத்தனின்னு முடிவு பண்ணியாச்சு.

பெத்தனி சேட்டிலைட் படத்தை நேத்து ராத்திரி அப்பாவுக்கு வாட்ஸ்அப் பண்ணேன். இங்க விடியற்காலை மூணரைக்குப் போன். "ஓடைதான் பின் எல்லைன்னு போட்டிருக்கான். ஓடை நகர்ந்தா?" இதுக்கு யாருக்காவது பதில் தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க, நான் தூங்கணும்.