பழைய பிரேத விசாரணைக் காகிதத்தை நம்பிக் குடும்ப வரலாறு எழுதலாமா?

பாலக்கோட்டான்:
எங்கள் தாத்தாவுக்கு ஒரு அக்கா. கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். "விஷக் காய்ச்சல்" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அவரைக் கட்டிக்கொடுத்த ஊரின் பழைய மணியக்காரர் (கிராமத் தலைவர்) வீட்டுப் பேரன் என்னோடு கல்லூரியில் படித்தவன். போன மாசம் பரணைச் சுத்தம் செய்யும்போது கிடைத்த ஒரு துணிமூட்டையைக் கூப்பிட்டுக் காட்டினான். உள்ளே 1941-ல் எழுதிய பிரேத விசாரணை அறிக்கையின் நகல். மாடு கட்டிக் கவலை இறைக்கும் கிணற்றில் கிடந்திருக்கிறார். "தீராத வயிற்றுவலி தாங்காமல்" என்று காரணம் போட்டிருக்கிறது.

என்னை உலுக்கியது வேறு வரி. "கைகளில் கறுப்புக் கண்ணாடி வளையல் ஐந்து. இடது காலில் வெள்ளிக் காப்பு ஒன்று, வலது காலில் இல்லை." எங்கள் ஆயா பெட்டியில் ஜோடியில்லாத வெள்ளிக் காப்பு ஒன்று இன்னும் இருக்கிறது. யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

இங்கிலாந்தில் கரோனர் (சந்தேகச் சாவுகளை விசாரிக்கும் அதிகாரி) விசாரணைப் பதிவுகளைத் தோண்டித்தான் பலர் குடும்ப வரலாறு எழுதுகிறார்கள். நானும் இதைச் சேர்த்து எழுதப் போகிறேன். சித்தப்பா கூடவே கூடாது என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

அரூர் மருமகள்:
சித்தப்பா சொல்வதுதான் சரி. நீங்கள் ஊர்ப் பெயர் போடாவிட்டாலும் படிக்கிற சொந்தக்காரருக்கு அது எந்த வீடு என்று தெரியாதா? அந்த வீட்டில் இன்று பெண் கொடுக்க, எடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்து இங்கிலாந்து என்கிறீர்கள், அங்கேயே கரோனர் கோப்புகளை 75 வருஷம் பொதுப் பார்வைக்குத் தருவதில்லை.

பாலக்கோட்டான்:
அக்கா, 1941-ஓடு 75 கூட்டினால் 2016. அந்தக் கணக்கும் தாண்டிவிட்டது.

ஓய்வுபெற்ற விஏஓ:
தம்பி, முதலில் கரோனரை விடுங்கள். அந்தப் பதவியெல்லாம் கல்கத்தா, பம்பாய் மாதிரிப் பெரிய பட்டணங்களுக்குத்தான். நம் பக்கம் அப்போது 1898 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-வது பிரிவு. போலீஸ்தான் விசாரிக்க வேண்டும், ஆனால் சென்னை மாகாணத்தில் கிராமத் தலைவரே விசாரித்து மாஜிஸ்திரேட்டுக்கு அறிக்கை அனுப்பலாம் என்று அதிலேயே இருந்தது. அதனால்தான் உங்கள் காகிதம் மணியக்காரர் வீட்டில் கிடைத்தது. 1980-ல் மணியக்காரர், கர்ணம் (கிராமக் கணக்கர்) பதவிகளை ஒழித்தபோது எல்லாக் காகிதமும் ஒழுங்காக ஒப்படைக்கப்படவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்தபோது பாதி ரிக்கார்டு கர்ணம் வீட்டு நெல் குதிருக்குப் பின்னால் இருந்தது.

இன்னொன்று, அந்த "வயிற்றுவலி". நான் பார்த்த பழைய அறிக்கைகளில் கிணற்றில் விழுந்த பெண்களில் பாதிப் பேருக்கு வயிற்றுவலிதான். அது நோய் இல்லை, ஒரு வாசகம். அக்கம்பக்கத்து மரியாதைப்பட்டவர்கள் இரண்டு பேராவது பஞ்சாயத்தாராக இருந்து கையெழுத்துப் போட வேண்டும் என்பது சட்டம். அவர்கள் யார்? புருஷன் வீட்டுப் பங்காளிகள், அதே கிணற்றுத் தண்ணீரில் பங்கு உள்ளவர்கள். வேறு என்ன எழுதுவார்கள்? காரணம் போட்ட வரியை நம்பவே நம்பாதீர்கள். வளையலை நம்புங்கள். வளையல் எத்தனை என்று பொய் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

காவேரிப்பட்டணம் கணக்கு:
ஐயா சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் நகைப் பட்டியலில் பொய் வராது என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பொய் அதிகம் வருவதே அங்கேதான். ஒரு காப்பு காணோம் என்றால் பிரேதத்தைத் தூக்கியவன் கழற்றியிருக்கலாம், கிணற்றுச் சேற்றில் போயிருக்கலாம். ஆயா பெட்டியில் இருப்பது அடகில் மூழ்கிப்போன ஜோடியின் மிச்சமாகவும் இருக்கலாம். எங்கள் வீட்டிலும் ஒற்றைக் காப்பு ஒன்று இருக்கிறது, அதற்கு இப்படி ஒரு கதையும் கிடையாது. அழகாகப் பொருந்துகிறதே என்பதற்காகச் சேர்த்துத் தைக்காதீர்கள்.

மற்றபடி இந்தத் தேடலில் இறங்குகிறவர்களுக்கு: 1965 அக்டோபர் 2 வரை நம் தருமபுரிப் பக்கம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-ல்தான். "தருமபுரி" என்று கேட்டு எழுதினால் "இல்லை" என்றுதான் பதில் வரும், எனக்கு வந்தது. சேலம் என்று கேளுங்கள்.

பாலக்கோட்டான்:
காப்பு விஷயம் ஒத்துக்கொள்கிறேன் அண்ணா, "இருக்கலாம்" என்றுதான் எழுதுவேன். ஆனால் இந்தக் காகிதத்தில்தான் எங்கள் பாட்டனுக்கு அப்பன் பெயர் முதல்முறையாகக் கிடைத்தது. பத்திரத்தில் இல்லை, எங்கள் ஆட்கள் யார் வாயிலும் இல்லை. ஒரு சாவு நடந்ததால்தான் அந்தப் பெயர் காகிதத்தில் ஏறியிருக்கிறது.

மொரப்பூர் வாத்தியார்:
சாவை எழுதிவைப்பது நம் மண்ணுக்குப் புதிதா என்ன? தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் போய்ப் பாருங்கள். தொறு மீட்டுப் பட்டான் கல் என்று, எந்த அரசன் காலம், எதற்காகச் செத்தான் என்பது வரை வெட்டி வைத்திருக்கிறார்கள். அதைப் பெருமையாகப் படம் எடுத்துப் போடுகிறோம். காகிதம் என்றால் மட்டும் ஏன் கூச்சம்?

அரூர் மருமகள்:
வாத்தியாரே, மாடு மீட்கப்போய்ச் செத்தவனுக்குக் கல் நட்டார்கள். கிணற்றில் கிடந்தவளுக்கு யார் நட்டார்கள்?

பாலக்கோட்டான்:
அதனால்தான் எழுதுகிறேன் என்கிறேன் அக்கா.

அரூர் மருமகள்:
(கொஞ்சம் யோசித்துவிட்டு வருகிறேன். என் மாமியாரின் தங்கை ஒருத்திக்கும் "வயிற்றுவலி"தான்.)

சரி. எழுதுங்கள். ஆனால் அந்த வயிற்றுவலி வரியை அப்படியே எடுத்துப் போட்டால் எண்பது வருஷத்துக்குப் பிறகு நீங்களும் அந்தப் பஞ்சாயத்தாரோடு சேர்ந்து ஒரு கையெழுத்துப் போட்ட மாதிரி. இப்படி எழுதினார்கள், இன்னார் எழுதினார்கள் என்று சொல்லுங்கள். அதைத் தாண்டி நீங்களாக ஒரு காரணம் கட்டவும் வேண்டாம். அந்தப் புருஷன் வீட்டாரும் வாய் திறக்க முடியாதவர்கள்தான் இப்போது.

காவேரிப்பட்டணம் கணக்கு:
இதற்கு நான் கை தூக்குகிறேன். சித்தப்பா ஒத்துக்கொள்வாரா என்பது வேறு.

ஓய்வுபெற்ற விஏஓ:
தம்பி, ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அறிக்கையின் கடைசியில் பிரேதத்தை யாரிடம் ஒப்படைத்தார்கள் என்று இருக்கும். பெரும்பாலும் புருஷனிடம்தான். உங்கள் காகிதத்தில் யார்?

பாலக்கோட்டான்:
இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன் ஐயா. தகப்பனிடம். இடது பெருவிரல் ரேகை வைத்து வாங்கியிருக்கிறார். புருஷன் பெயர் "இன்னார் மனைவி" என்ற முதல் வரியைத் தவிர அறிக்கையில் எங்குமே இல்லை.