கப்பிக் கணக்கு ஒன்றில் நான்கு நாள் நின்ற கதை

படிப்பை முடித்துப் பல வருடம் ஆன பிறகு, வேலைக்கு நடுவே இயற்பியலை அடியிலிருந்து மறுபடி படிக்க வேண்டும் என்று ஆசை வந்து இணையத்தில் தேடினேன். யேல் பல்கலைக்கழகத்தில் ராமமூர்த்தி சங்கர் 2006-ல் எடுத்த முதலாண்டு வகுப்புகள் அப்படியே பதிவாகி இருக்கின்றன, மொத்தம் 24 விரிவுரைகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கும் மேல். கரும்பலகை, சாக்பீஸ், மாணவர்கள் கேட்கும் கேள்விகள், அவ்வளவுதான். மூன்று வாரத்தில் பத்து விரிவுரை பார்த்துவிட்டேன், எல்லாமே புரிந்த மாதிரி இருந்தது.

அப்புறம் அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தின் திறந்த பாடத்தளத்தில் இயந்திரவியல் பாடத்தின் பயிற்சிக் கணக்குகளை எடுத்தேன் (2001-ல் அறிவித்த திட்டம் அது. பதிவு செய்ய வேண்டியதில்லை, காசும் இல்லை, பழைய தேர்வுத் தாள்கள்கூடக் கிடைக்கும்). முதல் தாளிலேயே கை நின்றுவிட்டது.

அதில் நான் மாட்டிக்கொண்ட மாதிரிக் கணக்கை இங்கே சொல்கிறேன். உராய்வில்லாத, எடையில்லாத ஒரு கப்பி. கயிற்றின் ஒரு பக்கம் 2 கிலோ, மறுபக்கம் 3 கிலோ. ஈர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைத்துக்கொள்வோம். கயிற்றில் இழுவிசை எவ்வளவு? கனமான பக்கம்தானே இழுக்கிறது, எனவே 30 நியூட்டன் என்றுதான் முதலில் எழுதினேன். தவறு. இரண்டு எடைக்கும் நடுவில், 25 ஆக இருக்கும் என்று மாற்றினேன். அதுவும் தவறு.

விரிவுரையில் தனித்த பொருள் விசைப்படம் (ஒரு பொருளை மட்டும் தனியாக எடுத்து, அதன் மேல் செயல்படும் விசைகளை அம்புக்குறியாகக் காட்டும் படம்) வரைவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், ஆனால் நானாக ஒன்றுகூட வரைந்ததில்லை. அன்றுதான் ஒவ்வொரு எடையையும் தனித்தனியாகப் பெட்டி போட்டு, அம்புக்குறி போட்டு உட்கார்ந்தேன். 3 கிலோவுக்குக் கீழ்நோக்கி 30, மேல்நோக்கி இழுவிசை. 2 கிலோவுக்குக் கீழ்நோக்கி 20, மேல்நோக்கி அதே இழுவிசை. ஒவ்வொன்றுக்கும் விசை = நிறை × முடுக்கம் என்று எழுதி, அந்த இரண்டு சமன்பாட்டையும் கூட்டினால் இழுவிசை கழிந்துபோய் முடுக்கம் 2 என்று வருகிறது. அதைத் திரும்பப் போட்டால் இழுவிசை 24.

விடை வந்துவிட்டது, ஆனாலும் மனசு ஆறவில்லை. ஏன் 25 இல்லை, 24? இதற்குத்தான் நான்கு நாள் ஆனது. கப்பியைத் தாங்கும் கொக்கிக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து 48 நியூட்டன்தான் போகிறது, தொங்கும் மொத்த எடையோ 50. மீதி 2 எங்கே போனது? கனமானது இறங்க, இலேசானது ஏற, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நிறை மையம் மெதுவாகக் கீழே முடுக்கப்படுகிறது. கணக்குப் போட்டால் அந்த முடுக்கம் 0.4, மொத்த நிறை 5 கிலோ, பெருக்கினால் சரியாக அந்த 2 நியூட்டன்! நோட்டில் அதை எழுதிய நிமிடம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நியூட்டனின் இரண்டாம் விதி (அதே விசை = நிறை × முடுக்கம்தான்) மனப்பாடமாக எத்தனையோ வருடமாகத் தெரியும், அது வேலை செய்வதைப் பார்த்தது அப்போதுதான்.

அதன் பிறகு பார்க்கும் முறையையே மாற்றிக்கொண்டேன். பேராசிரியர் கணக்கை எழுதி முடித்ததும் காணொளியை நிறுத்திவிடுவேன். என் படம், என் சமன்பாடு, என் விடை வந்த பிறகுதான் மறுபடி ஓடவிடுவது. ஒரு விரிவுரைக்கு நான்கைந்து நாள் ஆகும், ஆகட்டும். விடை வந்ததும் எண்களை எடுத்துவிட்டு எழுத்தாகவே போட்டு ஓரங்களில் சோதிப்பேன்: இரண்டு நிறையும் சமம் என்றால் முடுக்கம் சுழியம் ஆகிறதா, ஒன்று இல்லவே இல்லை என்றால் மற்றது தடையில்லாமல் விழுகிறதா என்று. தானாகத் திருத்தும் தளங்கள் சரி, தவறு என்று மட்டும்தான் சொல்லும், எந்த இடத்தில் குறி மாறியது என்று சொல்லாது. அந்த இடத்தில் இந்தச் சோதனைதான் எனக்கு ஆசிரியர்.

வகையீடும் தொகையீடும் துருப்பிடித்திருந்தால் முதலில் அதைத் தேய்த்துவிட்டு வாருங்கள். நான் நடுவில் நிறுத்திவிட்டு ஒரு மாதம் அதற்கே செலவழித்தேன்.

உருளும் பொருள்கள் பாடம் வந்தபோது பலகையைச் சாய்த்து வைத்து ஒரு கோலிக்குண்டையும் ஒட்டுநாடா தீர்ந்துபோன அட்டை வளையத்தையும் சேர்த்து உருட்டிப் பார்த்தேன். நிறையும் ஆரமும் எதுவானாலும் திண்மக் கோளம்தான் முந்தும், உராய்வில்லாமல் வழுக்கி இறங்கினால் வரும் முடுக்கத்தில் அதற்கு ஏழில் ஐந்து பங்கு, வளையத்துக்குப் பாதிதான். குண்டு ஒவ்வொரு முறையும் ஜெயித்தது.

இப்போது நிற்கும் இடம் கோண உந்தம், அதாவது சுழலும் பொருளின் உந்தம். சுழலும் சக்கரத்தின் அச்சை ஒரு முனையில் மட்டும் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டால் அது சாயாமல் பக்கவாட்டில் சுற்றி வருகிறது. திருப்புவிசையின் (பொருளைச் சுழற்றப் பார்க்கும் விசையின் விளைவு) திசையை வைத்துச் சமன்பாடு போட்டால் விடை சரியாக வருகிறது, ஆனால் கப்பிக் கணக்கில் அந்த 2 நியூட்டனைக் கண்டுபிடித்த மாதிரி இதைப் பிடிக்க முடியவில்லை. இதைத் தாண்டியவர்கள் யாராவது இருந்தால், எந்தப் படம் வரைந்தபோது பிடிபட்டது என்று சொல்லுங்கள்.